பெயர் போடாத பக்கம்

என் தங்கையின் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, நான் கோயிலில் ஆண்கள் பக்கம் கடைசித் தூணோரம் நின்று இருமலை அடக்கிக்கொண்டிருந்தேன். சாம்பிராணிப் புகையில் வருகிற சாதாரண இருமல்தான். பக்கத்தில் நின்றவர் நாலு தரம் கனைத்தார். அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நான் ஒரு தரம் இருமினால் கோயிலே திரும்பிவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு. கண்ணில் நீர் முட்டக் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றேன்.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். கத்தோலிக்கர் வீட்டில் கல்யாணம் நிச்சயமானால், மூன்று ஞாயிறு தொடர்ந்து பூசையில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சொல்லி ஓலை வாசிப்பார்கள். இவர்கள் விவாகத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் வந்து தெரிவிக்க வேண்டும் என்று அது முடியும். தடை என்றால் ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி இருப்பது, நெருங்கிய ரத்த உறவு, இந்த மாதிரி. பெண்ணின் அண்ணனுக்கு டி.பி. வந்து போனது அதில் சேராது. அது எனக்கும் தெரியும். தெரிந்தும் சாமியார் “தடை” என்று சொன்னபோது கைக்குட்டையைக் கடித்துக்கொண்டேன்.

ஐம்பதுகளின் நடுவில் பதினாலு மாதம் நான் ஒரு காசநோய் விடுதியில் கிடந்தேன். மலையடிவாரத்தில் வரிசையாகக் கட்டில்கள், தினம் ஊசி, மாதம் ஒரு எக்ஸ்ரே. ஊருக்குச் சொன்னது கோயம்புத்தூரில் மில் வேலை என்று. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். உண்மை தெரிந்தது அம்மாவுக்கும் தங்கைக்கும் மட்டும். குணமாகித் திரும்பிய அன்றே விடுதிச் சீட்டுகள், எக்ஸ்ரே படங்கள் எல்லாவற்றையும் அம்மா அடுப்பில் போட்டுவிட்டாள். அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் டி.பி. என்று தெரிந்தால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லுவார், பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள், அந்த வீட்டுப் பெண்ணை யாரும் எடுக்க மாட்டார்கள். நோய்க்கு ஊசி வந்துவிட்டது, பயத்துக்கு வரவில்லை. நான் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டேன். ஆனால் தங்கைக்கு இருபத்தேழு வயது ஆகிவிட்டது. மூன்று இடம் வந்து எதெதற்கோ தட்டிப்போன பிறகு ஆத்தூரிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்து, பிடித்திருக்கிறது என்றார். மூன்று ஓலையும் தடங்கல் இல்லாமல் வாசித்து முடிந்துவிட்டால் போதும் என்று நானும் அம்மாவும் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தோம்.

இந்த நிலையில்தான் நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்திருந்தேன்.

சேலத்தில் ஒரு நாடக சபாவுக்கு நான் சம்பளக்காரச் செயலாளர். சென்னையிலிருந்து வரும் நாடகக் குழுவை ஜங்ஷனில் இறக்குவது, தங்க வைப்பது, யாருக்கு இட்லி, யாருக்குப் பூரி என்று பார்ப்பது, கலெக்டர் ஆபீசுக்கு நடந்து கேளிக்கை வரி விலக்கு வாங்குவது, எல்லாம் நான்தான். இதற்கெல்லாம் மேலே இன்னொரு வேலையும் இருந்தது. சபாவின் தலைவர், துணைத் தலைவர், சிறப்பு விருந்தினர், யார் மேடையில் பேசினாலும் அந்தப் பேச்சை எழுதித் தருவது. ‘நான் சிறுவனாக இருந்த காலத்தில் தெருக்கூத்துப் பார்க்க மூன்று மைல் நடப்பேன்’ என்று நூல் வியாபாரியான எங்கள் தலைவருக்கு எழுதித் தந்தேன். அவர் தெருக்கூத்தைக் கண்ணாலும் பார்த்ததில்லை. அடுத்த வருஷம் அவரே அதை நம்பத் தொடங்கி, நடந்த வழியெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். பெரிய மனிதர் அழகாகப் பேசிவிட்டால், “செக்ரட்டரி இந்தத் தடவை நல்லா எழுதியிருக்காரு” என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். என் கையெழுத்தில் வருகிற ‘நான்’ எதுவும் நான் இல்லை.

அந்த வருஷம் அஸ்தம்பட்டிப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் காசநோயாளிகளுக்கு ஒரு வார்டு கட்ட நிதி வேண்டும் என்று கேட்டார்கள். சபா ஒரு நாடகம் போட்டு வசூலைக் கொடுப்பதாகவும், அதையொட்டி ஒரு மலர் வெளியிட்டு விளம்பரம் சேர்ப்பதாகவும் முடிவாயிற்று. ஆஸ்பத்திரியின் மதர் என்னைக் கூப்பிட்டு ஒன்று சொன்னார்.

“மலர்ல நோயைப் பத்திக் கட்டுரை வேண்டாம் தம்பி. அதை யாரும் படிக்க மாட்டாங்க. நோய் வந்து குணமான ஒருத்தர் தன் கதையைத் தானே சொல்லணும். அதைப் படிச்சா ஜனங்க கை நீட்டிக் கொடுப்பாங்க. நீங்க கேட்டு எழுதுங்க.”

ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க வருகிறவர்களில் நாலு பேரிடம் கேட்டேன். ஒரு அம்மாள் அழுதாள். ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், அடுத்த வாரம் மருந்துக்கும் வரவில்லை. மற்ற இருவரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அச்சகத்திலோ ஒரு பக்கம் காலியாக நின்றது. அச்சக உரிமையாளர் இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டார்.

ஒரு மத்தியானம் சபா ஆபீசில் தனியாக உட்கார்ந்து நானே எழுதினேன். இன்னொருவர் சொன்னதாகக் கற்பனை செய்து எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே பேனா என் கதைக்குப் போய்விட்டது. இருமித் துப்பியதில் முதல் தடவை ரத்தத்தைப் பார்த்தது, வெளியூரில் வேலை என்று சொன்ன பொய், ராத்திரி பக்கத்துக் கட்டில்காரர் மூச்சு நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டே படுத்திருந்தது, திரும்பி வந்த பிறகு வீட்டில் நடந்தது, எல்லாம் வந்தது. பத்து வருஷமாக அடைத்து வைத்தது. எழுதி முடித்தபோது சட்டை நனைந்திருந்தது. சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த எனக்கு, எனக்கென்று எழுதியது அதுதான் முதல் தடவை.

பெயர் போடவில்லை. ‘நோய் நீங்கிய ஒருவன்’ என்று கீழே போட்டேன். என் கையெழுத்தைப் பார்த்து யாராவது கண்டுபிடித்துவிட்டால் என்ற பயமும் இல்லை. எல்லாம் என் கையெழுத்தில்தானே போகிறது. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

விளம்பரம் கொடுத்தவர்களுக்கும் பெரிய மனிதர்களுக்கும் மலரும் இரண்டு நாடகப் பாஸும் முன்கூட்டியே அனுப்புவது சபா வழக்கம். முதல் ஓலை வாசித்த மறுநாள் மலர்கள் போயின. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் இரண்டு பேர் நின்று பேசினால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். தபால்காரர் வந்தால், கல்யாணம் வேண்டாம் என்று ஆத்தூரிலிருந்து கடிதமோ என்று வாசலுக்கு ஓடுவேன். இரண்டாம் ஓலை வாசித்த அன்று நான் கோயிலுக்குள்ளேயே போகவில்லை. வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், “இன்னும் ஒண்ணுதான்” என்றேன். மலரில் நான் எழுதியதை அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். தங்கை படித்தாளா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போனேன். உரிமையாளர் என்னைப் பார்த்ததும் எழுந்து கைகொடுத்தார்.

“முதலாளிக்கு என்ன மனசு சார்! இப்படி வெளிப்படையா எழுத எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? நீங்களும் நல்லா எழுதிக் குடுத்திருக்கீங்க.”

எனக்குப் புரியவில்லை. அவர் மலரைப் பிரித்துக் காட்டினார். சபாத் தலைவரின் படமும் வாழ்த்துச் செய்தியும் இடது பக்கம். செய்தி ஒரு பக்கத்துக்குக் குறைந்ததால், அடியில் இடத்தை விடாமல் என் கட்டுரையை அங்கேயே தொடங்கி, எதிர்ப் பக்கத்தில் முடித்திருந்தார்கள். செய்தியும் ‘நான்’ என்று பேசுகிறது, கட்டுரையும் ‘நான்’ என்று பேசுகிறது. இரண்டையும் எழுதியவன் நான் என்பது ஊரறிந்தது. அப்படியானால் அந்த ‘நான்’ யார்? நூல் வியாபாரியான தலைவர் பத்து வருஷம் முன்பு ஒரு வருஷம் போல ஊரில் இல்லை. அகமதாபாத்தில் இருந்தார். போதாதா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அந்த நிமிஷம் எனக்கு வந்தது நிம்மதிதான். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அப்பாடா, என்னை இல்லை என்று நினைத்தேன். அன்று மத்தியானம் ஒரு வாரத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் தலைவர் ஆள் அனுப்பினார். போனேன். பெரிய உடம்பு அவருக்கு. நாற்காலியில் சுருங்கி உட்கார்ந்திருந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை.

“உக்காருங்க செக்ரட்டரி. அந்தப் பக்கத்துல இருக்கறது ஆருங்க?”

“ஒரு நோயாளிங்க. பேர் வேண்டாம்னு சொன்னாருங்க.”

“எங்க மருமக பிரசவத்துக்கு வெண்ணந்தூர் போயிருக்குதுங்க. இந்த மாசம் பேரனை ஊட்டுக்குக் கூட்டியார நாள் பாத்து வெச்சிருந்தோம். நேத்து சம்பந்தி ஆளனுப்பிட்டாரு, இப்ப வேண்டாமுன்னு. ஏன்னு கேட்டதுக்கு வந்த ஆளு தலையக் குனிஞ்சுக்கிட்டானுங்க. நான் அந்தக் கொழந்தைய ஒருக்காத்தான் கையில வாங்கினேன்.” மேசைமேல் இருந்த மலரைக் கவிழ்த்து வைத்தார். “உங்களத் தப்புச் சொல்லல. நாடகத்தன்னிக்குத் திரை தூக்கறதுக்கு முன்னால அந்த ஆள மேடையில கொண்டாந்து நிறுத்துங்க. பேச வேண்டாம். நின்னாப் போதும். சம்பந்தி ஊட்ல எல்லாரையும் வரச் சொல்லியிருக்கேன்.”

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாடகம் சனிக்கிழமை. மூன்றாம் ஓலை மறுநாள் ஞாயிறு. அந்தப் பதினைந்து மணி நேரம் மட்டும் தள்ளியிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான் என்று இப்போது தோன்றுகிறது.

“கூட்டிட்டு வர்றேங்க” என்றேன்.

மறுபடி அஸ்தம்பட்டிக்கு ஓடினேன். கும்பிட்டுப் போன இருவரில் ஒருவர் மருந்துக்காக வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். ராசிபுரம் ரோட்டில் ஒரு சேகோ ஆலையில் ஜவ்வரிசி காயவைக்கிற களத்தில் கூலி. சிகிச்சை முடியும் கட்டம், இருமல் நின்று வெகு நாள் ஆயிற்று என்று மதர் சொல்லியிருந்தார். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, மேடையில் வந்து நின்றால் போதும், வார்டு கட்ட உதவியாக இருக்கும் என்றேன்.

“எனக்குப் படிக்கவே தெரியாதுங்களே சாமி. நான் எழுதினேன்னா ஆரு நம்புவாங்க?”

“நீங்க சொல்லி நான் எழுதினதா இருக்கட்டும். எல்லாருக்கும் நான்தானே எழுதறேன்.”

“வேலை செய்யற எடத்துல இந்தச் சீக்கு தெரியாதுங்க. தெரிஞ்சா…”

“உங்க ஊர்க்காரங்க யாரு டிக்கெட் வாங்கிட்டு டவுனுக்கு நாடகம் பாக்க வரப்போறாங்க?”

அவர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தார். “அம்மாமாருங்க எனக்கு மருந்து குடுத்தாங்க. சரிங்க, வாரேன்” என்றார்.

சனிக்கிழமை கொட்டகை நிறைந்துவிட்டது. திரைக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன் வரிசையில் தலைவர், அவர் பக்கத்தில் வெண்ணந்தூர்ச் சம்பந்திகள்.

“மலரில் தம் அனுபவத்தைச் சொல்லி உங்கள் உள்ளத்தை உருக்கிய அன்பர் இவர்தான்” என்று சொல்லி அவரை அழைத்தேன். சபாவில் வாங்கித் தந்த வெள்ளைச் சட்டையில் வந்து கைகூப்பி நின்றார். கை தட்டினார்கள். தலைவர் எல்லாரையும் விட உரக்கத் தட்டினார். முன் வரிசைப் பெண்மணி ஒருத்தி தட்டி முடித்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மேடையில் அவர் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். திடீரென்று அவருடைய கூப்பிய கைகள் கீழே இறங்கின. கூச்சம் என்று நினைத்தேன். மதர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். திரை தூக்கினார்கள்.

மறுநாள் மூன்றாம் ஓலை வாசித்தார்கள். யாரும் எழவில்லை, பூசை முடிந்து யாரும் சாமியார் அறைப் பக்கம் போகவில்லை. அடுத்த திங்கட்கிழமை கல்யாணம் நடந்தது. தாலி கட்டியதும் அம்மா அழுதாள், நான் கோயில் கிணற்றடிக்குப் போய் ஆசை தீர இருமினேன். தலைவர் பேரனைக் கூட்டிவந்து ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில், ஒரு பொய் சொன்னேன் என்று மட்டும் சொன்னேன். எந்தப் பொய் என்று சாமியார் கேட்கவில்லை. மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்ன தண்டனையோடு போயிற்று.

ஒரு மாதம் கழித்து அந்த மனிதர் சபா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். அதே வெள்ளைச் சட்டை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“வேலை போயிருச்சுங்க. மொதலாளி அன்னிக்கு ரெண்டாவது வரிசையில இருந்தாருங்க. நான் மேல இருந்தே பாத்துட்டேன். திங்கற பண்டம் காயற களத்துல டீ.பி.க்காரனான்னு கேட்டாரு. அவர் கேட்டதும் நாயந்தானுங்களே.”

விளம்பரம் கொடுத்தவர்கள் பட்டியல் அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அந்தச் சேகோ ஆலை கடைசி அட்டையில் அரைப் பக்கம் கொடுத்திருந்தது. பாஸை உறையில் போட்டு, முகவரி எழுதி, ஒட்டியவன் நான். வேறு வேலை பார்த்துத் தருகிறேன் என்று ஏதோ உளறினேன்.

“வேலைக்கு வரலீங்க சாமி. அந்தப் பொஸ்தகத்துல நான் என்ன சொன்னதா இருக்குதுன்னு ஒருக்காப் படிச்சுக் காட்டுங்க. கணக்குப்புள்ள களத்துல வெச்சு எல்லாருக்கும் படிச்சிருக்காரு. ஊர்ல என்னமோ பேசிக்கறாங்க. எனக்குத் தெரியலீங்க.”

படித்தேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ரத்தம், ஊருக்குச் சொன்ன பொய், ராத்திரிப் பயம், எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். நான் வீடு திரும்பிய இடத்துக்கு வந்தேன். ‘என் தட்டையும் டம்ளரையும் அம்மா கொல்லையில் தனியாக ஒரு பலகையில் வைத்தாள். நான் தொட்ட கதவைத் துடைத்தாள். அவள் பார்க்காதபோது நான் அழுதேன். ஒரு வருஷம் என் தாய் என்னைத் தொடவில்லை.’

“நிறுத்துங்க” என்றார். “எங்காத்தா அப்படிச் செய்யலீங்களே.”

நான் மலரை மூடினேன்.

“நான் குடிச்சு மீந்த கஞ்சிய அதே சட்டியில அது குடிக்குமுங்க. வேண்டாம் ஆத்தா, ஒட்டிக்குமுன்னு சொல்லுவேன். ஒட்டுனா ஒட்டிட்டுப் போவுதுன்னு சொல்லும். ஒட்டிக்கிச்சுங்க. போன வருசம் செத்துப் போச்சு.” வெள்ளைச் சட்டை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஊர்ல பொம்பளைங்க, உங்காத்தா இப்படிப்பட்டவளான்னு கேக்கறாங்க. வேலை போனாப் போவுது. நீங்க ஒருக்கா வந்து, இது எங்காத்தா இல்லைன்னு மட்டும் சொல்லிருங்க சாமி.”

சொல்கிறேன் என்றேன். ஆனால் அது அவருடைய ஆத்தா இல்லை என்றால் யாருடைய அம்மா? அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் சேதி ஆத்தூர் போக எத்தனை நாள் ஆகும்? தங்கையைத் திருப்பி அனுப்பிவிட்டால்? மூன்று நாள் தூக்கமில்லாமல் புரண்டேன். கடைசியில், ஊரிலிருந்து போவதை விட என் வாயிலிருந்து போகட்டும் என்று ஆத்தூர் பஸ் ஏறினேன். வாழப்பாடி தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்று எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். அவர் உட்காரும் வரை பொறுக்க முடியாமல், நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்குத் தெரியும் மச்சான். ஓலை எழுதறதுக்கு முன்னாடி ஜெபமெல்லாம் தெரியுமான்னு பாக்க, சாமியாருகிட்ட மந்திரம் ஒப்பிக்கப் போனோமில்ல, அங்க வராண்டாவுல காத்திருக்கும்போதே இவ சொல்லிட்டா. எங்கம்மாகிட்டயும் அன்னிக்கே சொல்லிட்டேன். அம்மா ஒரு நாள் பூரா யோசிச்சாங்க. எனக்குத் தெரிஞ்ச டாக்டரைக் கேட்டோம். பத்து வருஷம் ஆச்சே, என்ன பயம்னாரு. அப்புறந்தான் ஓலை வாசிக்கச் சொன்னோம்.”

அதாவது முதல் ஓலைக்கு முன்பே. நான் தூணோரம் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு நின்றதற்கும் முன்பே. தங்கை அடுக்களைக் கதவில் சாய்ந்து நின்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா இன்னும் பயப்படுவீங்கண்ணே” என்றாள்.

“நாடகத்துக்கு நானும் வந்திருந்தேன்” என்றார் மாப்பிள்ளை. “எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்த மலரைப் படிச்சதுமே நீங்கதான்னு தெரிஞ்சுது. மேடையில வெச்சு நீங்களே சொல்லப் போறீங்கன்னு நெனச்சேன். அதைப் பாக்கத்தான் வந்தேன்.” துண்டைக் கொடியில் போட்டார். “அந்த ஆளை ஏன் மச்சான் நிறுத்துனீங்க?”

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தங்கை சாப்பிட்டுப் போகச் சொன்னாள். கடைசி பஸ் போய்விடும் என்று சொல்லி வந்துவிட்டேன்.

மறுநாளே சேகோ ஆலைக்குப் போனேன். வேலை போனவரும் கூட வந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். களத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் நிழலில் இருந்தார்கள். முதலாளி என்னைப் பார்த்துச் சந்தோஷமாக நாற்காலி போடச் சொன்னார். நான் உட்காராமல், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அந்தப் பக்கத்தில் இருப்பது என் கதை. பதினாலு மாதம் விடுதியில் கிடந்தவன் நான். தட்டைத் தனியாக வைத்தது என் அம்மா. இவருடைய தாய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

முதலாளி சிரித்தார். நல்ல மனிதர்தான், என்னைக் கேலி செய்து சிரிக்கவில்லை.

“உங்க மனசு ஆருக்குங்க வரும்! சபாத் தலைவருக்காக இவன நிறுத்துனீங்க. இப்ப இவனுக்காக நீங்களே வந்து நிக்கறீங்க. நாளைக்கு இன்னும் ஆருக்கு என்ன சொல்லிக் குடுப்பீங்களோ.”

சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். உண்மைதான், உண்மைதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல நாடக வசனம் மாதிரி எனக்கே கேட்டது. காட்ட ஒரு சீட்டும் இல்லை. அம்மா எல்லாவற்றையும் எரித்துவிட்டாள். யாரோ எனக்கு டீ வாங்கிவர ஓடினார்கள். பத்து வருஷம், யாருக்காவது தெரிந்துவிடுமோ என்று பயந்து செத்தேன். அன்று அந்தக் களத்து வெயிலில், இனி யாரும் நம்பவே மாட்டார்களோ என்று ஒரு பயம் வந்தது. அது முந்தையதை விட மோசமாக இருந்தது.

டீயைக் குடிக்காமல் கிளம்பினேன். அந்த மனிதர் பஸ் நிற்கும் இடம் வரை கூட வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்தபோது, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“ஏனுங்க சாமி, நெசமாவே உங்களுக்கு இருந்துச்சுங்களா?”

“இருந்துச்சு” என்றேன்.

“சரிங்க” என்றார். பஸ் வந்து நின்றது. நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது அவர் வீட்டுக்குப் போகாமல் ஆலைப் பக்கமே நடந்துகொண்டிருந்தார்.